பீன்ஸ் பொரியலில் விழுந்த இரும்புத்தூள்

தம்பி,

உன் கடைக்கு வாங்கிய முதல் சாமான் என்று முந்தாநாள் ஒரு படம் அனுப்பியிருந்தாய். கறுப்பு நிறத்தில், கத்தியை நுழைத்து இழுக்க மூன்று பிளவுகள் வைத்த, கத்தி தீட்டும் மின்சார மெஷின். கூடவே ஒரு வீடியோ. மெஷினில் இரண்டு இழுப்பு இழுத்த கத்தியை ஒருவன் தக்காளியின் மேல் சும்மா வைக்கிறான், தக்காளி இரண்டாகப் பிளந்து விழுகிறது, பின்னால் பாட்டு அலறுகிறது. நான் பதில் போடவில்லை என்று நீயே போன் செய்தாய். "அம்மா, நம்ம கடையில தீட்டுக்கல்லுங்குற பேச்சே கெடையாது. கல்ல வச்சுக்கிட்டு அந்தப் பஞ்சவர்ணம் பண்ணுன கூத்து ஞாபகம் இருக்குல்ல?" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்ததும் என் சிரிப்பு எனக்கே குமட்டியது. கொல்லைப் பக்கம் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். வாயில் ஒன்றுமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் ஜனங்கள் எப்படித் துப்பினார்களோ, அப்படித் துப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீ கோயம்புத்தூரில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறாய். அம்மாவாக நான் நல்ல வார்த்தை எழுத வேண்டிய நேரம். அதை எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. இதை எழுதாமல் உனக்கு ஆசி சொன்னால், அதுவும் அன்றைக்கு நான் செய்த காரியம் மாதிரிதான் இருக்கும். கெட்டுப்போனதைக் கழுவி, மேலே தேங்காய்ப்பூவைத் தூவி, இலையில் வைத்த காரியம்.

உன் அப்பா போன பிறகு சமையல் ஒப்பந்தத்தை நான் கையில் எடுத்தது உனக்குத் தெரியும். காய் நறுக்க ஆறு பெண்கள் வருவார்கள். அவர்களில் உன் அப்பா காலத்திலிருந்தே மானகிரியிலிருந்து வருகிறவள் பஞ்சவர்ணம். என் வயதுதான் இருக்கும். மற்ற ஐந்து பேரும் நான் கொடுக்கிற கத்தியை எடுத்து நறுக்குவார்கள். அவள் மட்டும் சொந்தக் கத்தி கொண்டு வருவாள். துணிப்பையில் கத்தியும், ஒரு சாண் நீளத்தில் ஒரு தீட்டுக்கல்லும் இருக்கும். கல் ஒன்றும் பரம்பரைச் சொத்தில்லை, காரைக்குடியில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற கல்தான். வந்ததும் குழாயடிக்குப் போய், கல்லை நனைத்து, பத்து நிமிடம் தீட்டுவாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கடைசியில் அழுத்தாமல் லேசாக நாலு இழுப்பு. பிறகு கத்தியையும் கல்லையும் கையையும் குழாயில் கழுவி, கத்தியைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் காய்ப் பக்கம் வருவாள். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எரிச்சலாக இருக்கும். சம்பளம் கொடுக்கிற நான் நின்றுகொண்டிருக்க, இவள் உட்கார்ந்து கல்லைத் தேய்க்கிறாளே என்று. அவள் ஒழுங்காகச் செய்கிறாள் என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம் என்று இப்போது தெரிகிறது. என் கத்திகள் மழுங்கியவை. அவற்றைத் தீட்ட எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

அந்தக் கல்யாணம் நடந்த வருடம் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் கடையை மூடும்போது அவரிடமிருந்து சாணை மெஷின் ஒன்றை வாங்கினேன். இரண்டு பக்கமும் சக்கரம் சுழலுமே, அது. இரும்புக் கம்பியை ராவுவதற்கான மெஷின், சமையல் கத்திக்கானது இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்விட்சைப் போட்டுக் கத்தியை வைத்தால் பூ வாணம் மாதிரி பொறி பறந்தது. பன்னிரண்டு கத்தியையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு! எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "பஞ்சவர்ணம், உங்கல்லக் கொண்டுபோய் அம்மியில போடு" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவள் மெஷினைப் பார்த்தாள், கத்தி ஒன்றை எடுத்து நுனியைப் பார்த்தாள். "நுனி நீலமாப் போச்சே அக்கா. இரும்பு வெந்துபோச்சு. இனிமே கூர் நிக்காது" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

கூர் நிற்கத்தான் இல்லை. காலையில் சக்கரத்தில் பிடித்த கத்தி பத்து மணிக்கு மழுங்கும். மறுபடி சக்கரம், மறுபடி பொறி. கத்திகள் மாதத்துக்கு மாதம் ஒடுங்கிக்கொண்டே வந்தன. சக்கரத்திலிருந்து எடுத்த கத்தியின் விளிம்பில் மயிரிழை போல ஒரு பிசிர் தொங்கும். கல்லில் லேசாக இழுத்து அதை எடுத்துவிட வேண்டும். பஞ்சவர்ணம் கடைசியில் இழுக்கும் நாலு இழுப்பு அதற்குத்தான். நான் அதைச் செய்ததே இல்லை. பிசிரோடு நறுக்கக் கொடுத்தேன். நறுக்கி முடித்ததும் பார்த்தால் பிசிர் இருக்காது. எங்கே போயிருக்கும், சொல். எத்தனை பேர் வயிற்றுக்குள் அது போயிற்று என்று இப்போது நினைத்தாலும் என் கையை வெட்டி எறியலாம் போல இருக்கிறது.

கண்டனூர்க் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி விடுமுறை என்று நீயும் பரிமாற வந்திருந்தாய். உனக்கு இருபது வயது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு, கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். பின்கட்டில் எங்களுக்கு இடம். நல்ல வெக்கை, ஆள் உயர மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பிளக் பாயின்ட் சுவரோரம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு மெஷினை வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நறுக்கிய பீன்ஸ் இரண்டு பெரிய தாம்பாளத்தில் குவிந்திருந்தது. கழுவிவிட்டுத்தான் நறுக்கினோம், இனி நேராகச் சட்டிக்குப் போகிற காய். பஞ்சவர்ணம் நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து கருணைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இதை நன்றாக மனதில் வை. அன்றைக்கு முழுதும் அவள் கருணைக்கிழங்கில்தான் கை வைத்தாள். பீன்ஸைத் தொடவே இல்லை.

நான் கத்தியைச் சக்கரத்தில் வைத்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, காத்து இங்குட்டு அடிக்குது. தூளெல்லாம் காயில விழுகுது. கத்திய அங்குட்டுக் கொண்டுபோய்த் தீட்டுங்க" என்றாள்.

"எனக்குத் தொழில் சொல்லித் தாறியா? உன் கெழங்கச் சீவு" என்றேன்.

"ஒரு துணியப் போட்டாச்சும் மூடுங்க அக்கா."

நான் மூடவில்லை. அவள் சொன்னாளே என்பதற்காகவே மூடவில்லை. வெள்ளைத் துணி ஒன்று என் தோளிலேயே கிடந்தது.

முதல் பந்தி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வீட்டுக்கார ஆச்சி பின்கட்டுக்கு வந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. "என்னம்மா சமைச்சிருக்கீக? பீன்ஸ வாயில வச்சா நறநறங்குது. சம்பந்தி வீட்டாளுக இலையிலேயே துப்புறாக" என்றார்கள். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பட்டுப் புடவையும் வேட்டியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், பச்சை பச்சையாக மென்று இலை ஓரத்தில் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சுண்டு விரலைப் பல்லுக்குள் விட்டு எதையோ தோண்டினார். திரும்பி வந்து சட்டியிலிருந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். கடித்ததும் தெரிந்துவிட்டது. பல்லில் நறநறவென்று பொடி, நாக்கின் ஓரத்தில் கருகிய இரும்பின் ருசி. பட்டறை வாசலில் வருமே, அந்த வாடை வாய்க்குள் அடித்தது. அந்த ஒரு நொடியிலேயே எனக்குத் தெரியும், தம்பி. பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. வாயில் அதை வைத்துக்கொண்டே, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றபோதே தெரியும்.

ஆச்சி, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்கள். பின்கட்டில் நாற்பது பேராவது நின்றார்கள். சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், வீட்டு ஆட்கள். நான் கையை நீட்டிப் பஞ்சவர்ணத்தைக் காட்டினேன். "இவதான் ஆச்சி. கல்லுல கத்தியத் தேச்சுட்டு அந்த மண்ணோடயே காய நறுக்கியிருக்கா. எத்தனயோ தடவ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குறா" என்றேன். யோசிக்கவே இல்லை, பேச்சு தானாக வந்தது. என் குரல் எவ்வளவு நிஜமாக இருந்தது தெரியுமா? கோபத்தில் நடுங்கக்கூடச் செய்தது. என்னை நானே நம்பிவிடுகிற அளவுக்கு நடுங்கியது.

பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். கை நிறையக் கருணைக்கிழங்கின் அரிப்பு, இரண்டு கையையும் விரித்துப் பிடித்திருந்தாள். "அக்கா, நான் பீன்ஸத் தொடவே இல்லயே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்ற ஐந்து பேருக்கும் அது உண்மை என்று தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அடுத்த கல்யாணத்துக்கும் என்னிடம்தான் வேலை.

அப்போதுதான் நீ வந்தாய். உன் அம்மாவை ஒருத்தி அவமானப்படுத்திவிட்டாள் என்று உனக்குப் பற்றிக்கொண்டது. அவளுடைய துணிப்பையைப் பிடுங்கி, கல்லை எடுத்து, எச்சில் இலை குவித்திருந்த குழியில் வீசி எறிந்தாய். "கை சுத்தமில்லாத பொம்பளயெல்லாம் எதுக்கும்மா கூப்புடுற?" என்று கேட்டாய். உன்னைத் தூக்கி வளர்த்த கைகளில் அவளுடையதும் ஒன்று. அதுவரை அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதோடு நிற்காது இது. எனக்கு அது வசதியாக இருந்தது. நீ கோபப்பட்டதால் என் பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்தது. அவள் குழிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். ஊறிப்போன இலையும் சோறும் குழம்புமாக இருந்த அதற்குள் கையை விட்டுக் கல்லைத் தேடி எடுத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போனாள்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. இது உனக்கே தெரியாது. இரண்டாம் பந்திக்கு வேறு பொரியல் செய்ய நேரம் இருந்தது. முட்டைக்கோஸ் மூட்டையே பிரிக்காமல் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே பீன்ஸைப் பெரிய வடிதட்டில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, கையால் பிழிந்து, மறுபடி கடுகு உளுந்து தாளித்து, தேங்காயைத் துருவிப் போட்டு அனுப்பினேன். அலசிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியதைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். பிழிந்த காய் செத்த புழு மாதிரி கையில் சுருண்டு கிடந்தது. இரண்டாம் பந்தியில் யாரும் துப்பவில்லை. பொரியல் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் மறுபடி கேட்டு வாங்கினார். அவர் முகம் இன்னும் எனக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்தில் பீன்ஸ் பொரியல் வைத்தாலும் நான் அதைத் தொடுவதில்லை என்று நீயே கேலி செய்திருக்கிறாய். பிடிக்காது என்று சொல்லிவந்தேன்.

மறுநாள் காலை மெஷினைத் துடைக்கும்போது, பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தம் ஒன்றை எடுத்து பீன்ஸ் குவித்திருந்த தாம்பாளத்தின் உட்பக்கம் தடவினேன். கரிய மயிர் முளைத்தது போல இரும்புத்தூள் அப்பிக்கொண்டு வந்தது. அங்கங்கே சுருள் சுருளாகப் பிசிர். ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆனாலும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காந்தத்தைத் துடைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கொஞ்ச நாளில் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டேன். மோட்டார் எரிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும்தான். அதற்குப் பிறகு நான் கல்லில்தான் தீட்டுகிறேன். அவள் தீட்டியது போலவே, கடைசியில் லேசாக நாலு இழுப்பு வைத்து. அவளிடமிருந்து கற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெயரைக் கெடுத்துவிட்டேன்.

பஞ்சவர்ணத்தை அதன் பிறகு எந்தச் சமையல்காரரும் கூப்பிடவில்லை. அவள் ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். கடைத்தெருவில் இரண்டு முறை எதிரே வந்தாள். இரண்டு முறையும் நான் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, எனக்கு வேண்டாத எதையோ விலை கேட்டேன்.

நேற்று டவுன் பஸ் பிடித்து மானகிரிக்குப் போனேன். பஞ்சவர்ணம் இப்போது அவளுடைய மகள் வீட்டில் இருக்கிறாள். வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். விசிறியை, தாம்பாளத்தை, அலசிய தண்ணீரை, காந்தத்தை. மன்னிப்புக் கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். அழுதேன். அழுதது எனக்கே அருவருப்பாக இருந்தது, நான்தான் பாதிக்கப்பட்டவள் போல.

அவள் முழுவதும் கேட்டாள். "எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே" என்றாள். "எங்கிட்ட வந்து சொல்லுறீக. எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லி என்ன ஆகப் போகுது? தெரியாதவக நாப்பது பேர் இருக்காகல்ல. அவுகள்ட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்லுறேன் பஞ்சவர்ணம்" என்றேன்.

"உங்க பையனுக்காச்சும் தெரியுமா?"

தெரியாது என்றேன்.  "ஒன்பது வருசமா அந்தப் புள்ள என்னய அசிங்கமா நெனச்சுக்கிட்டு இருக்கு. அதத்தான் என்னால தாங்க முடியல. மத்தவக நெனப்பு வந்துச்சு, போச்சு" என்றாள்.

அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். நம் சமையல்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு அந்தப் பின்கட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் இருக்கிறார்கள். இன்று காலை முதலில் அங்கே இதைப் போட்டுவிட்டு, பிறகு உனக்கு அனுப்புகிறேன். கண்டனூர் ஆச்சிக்கும் ஒரு பிரதி தபாலில் போகிறது. இனி யாரும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் போகலாம். போகட்டும். உனக்கு வெட்கமாக இருக்கும் என்று தெரியும். எனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டிய வெட்கம் அது.

மெஷினைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கல்லின் மேல் பழி போட்டேன். இன்றைக்கு மெஷின் மேல் பழி போட்டால் அதுவும் ஒரு பொய்தான். கத்தி சூடேறாமல் பார்த்து, பிசிரை எடுத்து, கழுவித் துடைத்துக் காய்ப் பக்கம் கொண்டுபோகிறவன் கையில் எந்த மெஷினும் நல்லதுதான். கல்லில் தீட்டி அந்தச் சேற்றோடு நறுக்குகிறவனும் இருக்கிறான். ஆனால் ஒன்று சொல்கிறேன். இரண்டு இழுப்பில் வேலை முடிந்துவிடும் என்று சொல்லி விற்கிற எந்தப் பொருளும், மீதி வேலை ஒன்று இருக்கிறது என்பதை உன்னிடம் மறைக்கிறது. அந்த வீடியோவில் தக்காளியைப் பிளந்தவன் கத்தியைக் கழுவினானா என்று பார். நான் மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டேன், கழுவவில்லை. உன் அடுப்படியில் எதில் தீட்டினாலும், சமைக்கிற இடத்துக்கு வெளியே தீட்டு. உன்னிடம் வேலை செய்கிற ஒருத்தி, "காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது" என்று சொன்னால், அவள் சொல்கிற விதம் உனக்குப் பிடிக்காவிட்டாலும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பேசு. ஏதாவது கெட்டுவிட்டால் கொட்டிவிடு. கழுவி வைக்காதே.

நேற்று நான் கேட்ட மன்னிப்பில் உன்னுடையதும் சேர்த்தி என்று நினைத்துவிடாதே. என் பங்கை மட்டும்தான் கேட்டேன். அதையும் அவள் கொடுத்ததாகச் சொல்லவில்லை. எச்சில் குழிக்குள் கல்லை எறிந்தது உன் கை. அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்தது. நீ என் பொய்யை நம்பினாய் என்பது உண்மை, ஆனால் உண்மையாகவே அவள் காயில் மண்ணைப் போட்டிருந்தாலும் நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கடை திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் காரைக்குடிக்கு வா. என்னைப் பார்க்க வரவேண்டாம், நேராக மானகிரிக்குப் போ. என்னைக் கூட்டிப்போகச் சொல்லாதே. அவள் கதவைத் திறப்பாள். உட்காரச் சொல்ல மாட்டாள், என்னையும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்.

உன் அம்மா